அகரவரிசையில் கேட்ட டூபாக்

என் சித்தப்பா மகனுக்கும் எனக்கும் பல வருடமாக ஒரு வழக்கு நடக்கிறது. சொத்து வழக்கு இல்லை, பயப்பட வேண்டாம். அமெரிக்க ராப் பாடகர்கள் இரண்டு பேரின் சிறந்த பாட்டுத் தொகுப்புகளில், டூபாக் ஷகூரின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ உசத்தியா, எமினெமின் ‘கர்ட்டன் கால்’ உசத்தியா என்பதுதான் வழக்கு. நான் டூபாக் கட்சி, அவன் எமினெம் கட்சி. கல்யாணப் பந்தி, கேத வீட்டு வாசல், மாட்டுத்தாவணியில் பஸ்ஸைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்த ராத்திரி என்று பல இடங்களில் விசாரணை நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் வாய்தா வாங்கிவிடுவோம். போன மாசியில்தான் வழக்கையே ஆட்டிவிட்ட ஒரு உண்மை வெளியே வந்தது. நாங்கள் இரண்டு பேருமே அந்த ஆல்பங்களை அவற்றின் சொந்த வரிசையில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

காரணம் ஒரு மெமரி கார்டு. 2009 வாக்கில் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பாட்டு ஏற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கார்டு ரீடர், சுற்றியும் சுற்றாத ஒரு மின்விசிறி. இருபது ரூபாய் கொடுத்தால் கார்டு நிறைய ஏற்றிக்கொடுப்பார்கள். "இங்கிலீஷ் ராப் இருக்காண்ணே?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு ஃபோல்டரை இழுத்துப் போட்டார். அந்த இரண்டும்தான் இவை. திருட்டுப் பாட்டுதான். அந்த வயதில் அது திருட்டு என்று தெரியாது என்று சொன்னால் பொய்.

என் நோக்கியா போனுக்கு ஆல்பத்தின் வரிசையெல்லாம் தெரியாது. ஆங்கில எழுத்து வரிசையில் பாட்டுகளை அடுக்கிவிடும். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுகிற மாதிரி. அதனால் எங்கள் ‘கர்ட்டன் கால்’, அம்மாவைத் திட்டும் ‘க்ளீனின் அவுட் மை க்ளாசெட்’டில் ஆரம்பிக்கும். ‘இன்ட்ரோ’ என்கிற முன்னுரை நாலாவதாக வரும். கடைசியில் ‘வென் ஐயம் கான்’ என்று, நான் போன பிறகு அழாதே என்கிற தோரணையில் மகளுக்கு ஒருவர் உருகி முடிப்பார். மறு நொடியே ‘வித்அவுட் மீ’ என்று, நான் இல்லாவிட்டால் ஊரே வெறிச்சோடிவிடும் என்று அதே ஆள் குதித்துக்கொண்டு வருவார். இது எமினெமின் குசும்பு என்றே வருடக்கணக்கில் நினைத்திருந்தோம். பாராட்டியும் இருக்கிறோம். அது நோக்கியாவின் குசும்பு.

டூபாக் ஃபோல்டருக்கு இந்த விபத்து நல்லதாகவே அமைந்தது. ‘டி’யிலும் ‘யூ’விலும் தொடங்குகிற பாட்டுகள் அகரவரிசையில் கடைசியாக வந்ததால் ‘ட்ராப்டு’, ‘ட்ரபிள்சம் 96’ என்று சிறையும் சண்டையுமாகப் போய் ‘அன்கண்டிஷனல் லவ்’வில் முடியும். எந்தத் தயாரிப்பாளரும் இதைவிட நல்ல முடிவு வைத்திருக்க முடியாது. உண்மையான ஆல்பத்தில் அந்தப் பாட்டு முதல் தட்டின் ஒன்பதாவது இடத்தில், கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது மேலமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் அவர் கடை. அப்பா நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, ஒரு அறுபது நிமிஷக் கேசட்டோடு கொடுப்பார். அண்ணாச்சி அந்தப் பட்டியலை வாங்கியதும் பேனாவை எடுத்து வரிசையைத்தான் முதலில் திருத்துவார். "அண்ணே, நாலு சோகம் வரிசையா வருது. கேக்குறவன் தாங்க மாட்டான். நடுவுல ஒண்ண மாத்திப் போட்டுத் தாரேன்." அப்பா "சரி, உங்க இஷ்டம்" என்பார். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறு பாட்டு. ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டில் அவர் ரொம்பக் கறார். அது முடிந்ததும் கேட்கிறவன் எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாட்டு அந்த இடத்துக்கு லாயக்கில்லை என்பார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கேசட் கிடக்கிறது. நாடா இழுபட்டுப் பாட்டு மாவாட்டுகிறது. ஆனால் வரிசை பிசகவில்லை.

தொகுப்பது ஒரு கை வேலை என்று எனக்கு முதலில் புரிந்தது அவரிடம்தான். அதே சங்கதி நம் ஊரில் எவ்வளவு பழையது என்று தெரிந்தது பின்னால். அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அண்ணாச்சி, அப்பா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நானூறு பாட்டையும் உருத்திரசன்மன் அடுக்கிய விதத்தைப் பாருங்கள். ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை, அதாவது பிரிவு. இரண்டிலும் எட்டிலும் முடிகிற எண் குறிஞ்சி, நாலு முல்லை, ஆறு மருதம், பத்து இருபது என்று வருவது நெய்தல். ஆக ஒரு பிரிவுப் பாட்டு, ஒரு மாற்றுப் பாட்டு, மறுபடி பிரிவு. இருநூறு பாலைப் பாட்டு இருந்தும் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று ஒட்டி வராது. கேட்கிறவன் தாங்க மாட்டான் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சரி, மாசிக்கு வருகிறேன்.

சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எங்கள் ஆட்கள் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். எங்கள் சாமி ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு கண்மாய்க் கரையில். திருப்பூரிலிருந்து தம்பி, அதாவது அந்தச் சித்தப்பா மகன், கார் எடுத்து வந்திருந்தான். பின்சீட்டில் பெரியம்மா, பூசைச் சாமான், வாழைத்தார். நான் முதல் நாளே ஒரு பென்டிரைவில் இரண்டு ஆல்பத்தையும் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எண் கொடுத்து, அசல் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தேன். போகும்போது எமினெம், வரும்போது டூபாக். ‘கர்ட்டன் கால்’ ஒரே தட்டு, ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். டூபாக் இரண்டு தட்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தூரத்துக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டோம்.

செல்லூரிலிருந்து கிளம்பி ஆரப்பாளையம் தாண்டுவதற்குள் முதல் வில்லங்கம். ‘கர்ட்டன் கால்’ 2005 டிசம்பரில் வந்தது. பழைய பாட்டுகளோடு எமினெம் புதிதாக மூன்று பாட்டுச் சேர்த்தார். அதில் ஒன்று ‘ஃபேக்’. அதை முன்னுரைக்கு அடுத்து, இரண்டாவது பாட்டாக வைத்திருக்கிறார்கள். பாட்டு என்பதே மரியாதைக்குச் சொல்கிறேன். முனகலும் கெட்ட வார்த்தையுமாக ஒரு விடலைத்தனம். அகரவரிசையிலும் அது இரண்டாவதாகத்தான் வரும். ஆனால் அப்போது காதில் இயர்போன் இருந்தது, பின்சீட்டில் பெரியம்மா இல்லை. "யாருய்யா இப்புடி அனத்துறது? காச்சலா?" என்றார். தம்பி அடுத்த பாட்டுக்குத் தாவினான். "இது கணக்குல வராதுண்ணே" என்றான். நான் குறித்துக்கொண்டேன். தன் வாழ்நாள் சிறந்த பாட்டுகள் என்று கடை விரிக்கிறவன் வாசலிலேயே இதைக் கொண்டுவந்து வைப்பானா? அண்ணாச்சியாக இருந்தால் பட்டியலைத் திருப்பி எறிந்திருப்பார்.

நாகமலை தாண்டும்போது ‘ஸ்டான்’ வந்தது. தம்பி எமினெம் கட்சியில் சேர்ந்ததே இந்தப் பாட்டால்தான். பிளஸ் ஒன் படிக்கும்போது செல்லூர்ப் பக்கம் ஒரு நடிகருக்கு மன்றம் வைத்திருந்த கும்பலில் இவன் எடுபிடி. பசை வாளி தூக்குவான். முதல் நாள் முதல் காட்சிக்குப் பால் சுமப்பான். நடிகருக்கு மூன்று கடிதம் போட்டு ஒன்றுக்கும் பதில் வராமல் காத்திருந்தவன். ‘ஸ்டான்’ பாட்டில் ஒரு ரசிகன் தன் நட்சத்திரத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுகிறான். பதில் இல்லை. கோபம் ஏறுகிறது. கடைசிக் கடிதம் கடிதமே இல்லை, கார் ஓட்டிக்கொண்டே அவன் டேப்பில் பதிகிற பேச்சு. காரின் பின்பெட்டிக்குள் அவனுடைய கர்ப்பிணித் துணை கிடக்கிறாள். பாலத்திலிருந்து கார் விழுகிறது. நாலாவது பத்தியில்தான் நட்சத்திரம் சாவகாசமாகப் பதில் எழுத உட்காருகிறார், எழுத எழுத அவருக்கு உறைக்கிறது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த எங்களுக்கும் இது புரிந்தது. பிரௌசிங் சென்டரில் வரிகளை அச்செடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தோம். மதுரையில் வளர்ந்தவனுக்கு இந்தக் கதையில் விளங்காதது ஒன்றுமில்லை. பாலம்தான் வேறு. அந்த ரசிகனின் பெயர் இன்று ஆங்கில அகராதியில் வெறித்தனமான ரசிகன் என்ற பொருளில் ஏறிவிட்டது.

அசல் வரிசையில் கேட்டபோது தெரிந்தது, இந்தப் பாட்டு ஆல்பத்தில் இரண்டு தடவை இருக்கிறது. ஐந்தாவதாக ஒருமுறை, பாடகி டைடோவின் குரலோடு. பதினேழாவதாக, கடைசியில், 2001 கிராமி இசை விருது மேடையில் ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானோடு பாடியது. ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவாகப் பாடுகிறார் என்று எமினெமுக்கு எதிராக அந்த விழாவுக்கு வெளியே போராட்டம் நடந்தது. தன்னை ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன எல்டன் ஜான் அதே மேடையில் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து கூடப் பாடினார். அகரவரிசையில் இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்து, இரண்டாவதை நாங்கள் எப்போதும் தள்ளிவிடுவோம். ஒரே பாட்டு எதற்கு இரண்டு தடவை என்று கடைக்காரரைத் திட்டியும் இருக்கிறோம். இடையில் பதினொரு பாட்டு கடந்து, மேடைச் சத்தத்தோடு அது மறுபடி வரும்போது வேறு பாட்டு மாதிரி இருக்கிறது. திரும்பி வந்த கடிதம் போல.

உசிலம்பட்டிக்கு முன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வரிசையைக் கவனித்துக்கொண்டே வந்தேன். ஆறாவது ‘லூஸ் யுவர்செல்ஃப்’, ஆஸ்கர் வாங்கிய பாட்டு, கனமானது. ஏழாவது ‘ஷேக் தட்’, நேட் டாக்கோடு ஒரு ஆட்டம். எட்டாவது ‘சிங் ஃபார் த மொமென்ட்’, கனம். ஒன்பது ‘வித்அவுட் மீ’, கூத்து. பத்து ‘லைக் டாய் சோல்ஜர்ஸ்’, ராப் சண்டைகளில் செத்தவர்களை நினைத்துப் பாடியது. பதினொன்று ‘த ரியல் ஸ்லிம் ஷேடி’, கேலி. பன்னிரண்டு ‘மாக்கிங்பேர்டு’, மகளுக்கு. பதின்மூன்று டாக்டர் ட்ரேயோடு ஒரு விபரீத நகைச்சுவை. பதினாலு அம்மாவைத் திட்டுவது. பதினைந்து கோமாளித்தனம். பதினாறு மறுபடி மகள். ஆறிலிருந்து பதினாறு வரை இரட்டைப்படை எண்ணெல்லாம் கனம், ஒற்றைப்படையெல்லாம் விளையாட்டு. ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. உருத்திரசன்மன் ஒற்றைப்படையில் வைத்ததை இவர்கள் இரட்டைப்படையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வாயைத் திறக்கவில்லை. எதிர்க்கட்சி வக்கீலுக்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுப்பதா?

கணவாய் ஏறும்போது பதினாலாவது பாட்டு. திரும்பத் திரும்ப "மாமா, மாமா" என்று வரும். பெரியம்மா விழித்துக்கொண்டார். "எந்த மாமாவ இப்புடிக் கூப்புடுறான்?" மாமா இல்லை பெரியம்மா, அவர்கள் ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். அம்மா பாட்டா என்று முகம் மலர்ந்தது. "திட்டித்தான் பாடுறாரு" என்று தம்பி உண்மையைச் சொல்லித் தொலைத்தான். "பெத்தவள வையிறவன் பாட்டையா குலசாமிக்குப் போகயில போட்டீங்க?" அதற்கப்புறம் ஆண்டிபட்டி வரை வண்டியில் பாட்டு இல்லை. மீதி மூன்றையும் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பெரியம்மா பொங்கல் வைக்கப் போன பிறகு கேட்டோம். பெரியம்மாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2002-இல் அப்படித் திட்டிய மகன் 2013-இல் அதே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டுப் போட்டார். தொகுப்பு வந்தது இரண்டுக்கும் நடுவில், 2005-இல். அதனால் திட்டு மட்டும்தான் அதில் பதிந்து நிற்கிறது.

கர்ட்டன் கால் என்றால் நாடகம் முடிந்து நடிகர்கள் முன்னால் வந்து கும்பிடுவது. நம் ஊர் வள்ளி திருமணத்தில் விடியக்காலையில் மங்களம் பாடுகிற மாதிரி. அந்த வருடம் எமினெம் தூக்க மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார், ஐரோப்பியப் பயணத்தை ரத்து செய்திருந்தார், இனிப் பாட மாட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. மங்களம் பாடிய ஆள் 2009-இல் மறுபடி மேடையேறினார். இன்னும் இறங்கவில்லை.

டூபாக் மங்களம் பாடவே இல்லை. 1996 செப்டம்பர் 7 அன்று லாஸ் வேகஸில் சுடப்பட்டு, 13 அன்று இறந்தபோது வயது இருபத்தைந்து. 1998 நவம்பரில் வந்த தொகுப்பில் இருக்கும் பாட்டுகளும் இருபத்தைந்து. தற்செயலாக இருக்கலாம். எனக்கு அதைத் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. முதல் தட்டு ‘கீப் யா ஹெட் அப்’பில் தொடங்கியது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களைப் பார்த்து, தலை நிமிர்ந்து நில் என்று சொல்லும் பாட்டு. வாசலில் வைக்க வேண்டிய பாட்டு இதுதான். நான் தம்பியைப் பார்த்தேன், அவன் ரோட்டைப் பார்த்தான். நாலு, ஐந்து, ஆறு என்று தொடர்ந்து மூன்று பாட்டு சாவும் இருட்டுமாகப் போனது. அண்ணாச்சி விதிப்படி இது குற்றம். ஏழில் ஒரு ஆட்டப் பாட்டு வந்து காப்பாற்றியது. அப்புறம் ‘சோ மெனி டியர்ஸ்’. பதினொன்றில் ‘லைஃப் கோஸ் ஆன்’, செத்துப்போன கூட்டாளிகளுக்குப் பாடியது.

பெரியம்மா பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது கேத வீட்டுப் பாட்டாய்யா? யாரு செத்தது?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் சுத்துப்பட்டியில் ஒப்பாரிக்கு அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கூட்டாளிகள் இறந்துபோனார்கள் பெரியம்மா, அவர்களை நினைத்துப் பாடுகிறார் என்றேன். பாடுகிறவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டார். அவரும் செத்துவிட்டார் என்று சொன்னதும் "ச்சொ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பாட்டு முடியும் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்தது ‘ஹிட் எம் அப்’. முதல் தட்டின் கடைசி. 1996-இல் எதிர் முகாம் ராப் பாடகர் நோட்டோரியஸ் பிஐஜியையும் அவர் கூட்டத்தையும் பெயர் சொல்லிக் கிழித்துப் போட்ட பாட்டு. அதில் உள்ள வசவுக்கு முன்னால் எமினெமின் அம்மா பாட்டு தாலாட்டு. திட்டியவர் 1996-இல் போனார், திட்டு வாங்கிய பிஐஜி 1997 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1998-இல் இரண்டு பேருமே உயிரோடு இல்லை. தொகுப்பை வெளியிட்டவை டெத் ரோ என்கிற இசை நிறுவனமும், டூபாக்கின் அம்மா அஃபேனி ஷகூர் தொடங்கிய அமரு நிறுவனமும். அந்த அம்மா அமெரிக்கக் கருப்பர்களின் உரிமைக்குப் போராடிய கருப்புச் சிறுத்தைகள் இயக்கத்தில் இருந்தவர், வயிற்றில் டூபாக்கைச் சுமந்துகொண்டே கோர்ட்டில் நின்று 1971 மே மாதம் விடுதலையாகி ஜூனில் பிள்ளை பெற்றவர். நம் ஊரில் ஒருத்தர் போய்விட்டால் சிம்மக்கல் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலியில் அவர் செய்த சண்டையெல்லாம் மறைந்து, கூலிங்கிளாஸும் சிரிப்பும் மட்டும் மிஞ்சும். இந்தத் தொகுப்பில் மறைக்கவில்லை. ‘கீப் யா ஹெட் அப்’ எழுதிய கைதான் இதையும் எழுதியது என்று தட்டின் இரண்டு முனையில் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி கேட்ட ஏ பக்கக் கடைசிப் பாட்டு இதுதான். உசிலம்பட்டியில் டீ குடிக்க இறங்கினோம், இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை, சீக்கிரமாகக் குடித்துவிட்டு வண்டிக்கு வந்தோம்.

இரண்டாவது தட்டில்தான் என் கட்சி சரிந்தது. அதுவும் உச்சத்துக்குப் பக்கத்திலேயே சரிந்தது.

உச்சம் ‘சேஞ்சஸ்’. 1986-இல் புரூஸ் ஹார்ன்ஸ்பி பாடிய பாட்டின் பியானோவை எடுத்து, அதன் மேல் 1992 வாக்கில் டூபாக் பதிந்து, வெளிவராமலே கிடந்த பாட்டு. இந்தத் தொகுப்புக்காகத் தூசி தட்டி எடுத்தார்கள். இல்லாவிட்டால் அது பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். ஒரு தொகுப்பு செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். கருப்பர் ஒருவர் ஜனாதிபதியாவதைப் பார்க்க நாடு தயாராக இல்லை என்று ஒரு வரி வரும். 2009-இல் நான் முதன்முதலாக அதைக் கேட்டபோது வெள்ளை மாளிகையில் ஒபாமா. வரிகளை அச்செடுத்த தாளில் அந்த இடத்தைப் பேனாவால் சுழித்து வைத்தது நினைவிருக்கிறது. மற்றபடி போலீஸ், வறுமை, சிறை என்று பாட்டில் மாறவில்லை என்று சொன்னதெல்லாம் மாறாமல்தான் இருந்தது. அந்தப் பியானோவைக் கேட்டால் எனக்கு மலேசியாவின் யோகி பி குழு 2006-இல் இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து ராப் ஆக்கியது ஞாபகம் வரும். பழைய பாட்டின் முதுகில் ஏறி நிற்கும் புதுக்குரல். இளையராஜாவின் பண்ணைப்புரம் நாங்கள் போய்வந்த அந்த ரோட்டிலேயே இன்னும் மேற்கே போனால் வந்துவிடும்.

இதற்குப் பிறகு மூச்சு விட ஒரு நொடி வேண்டாமா? உடனே ‘கலிஃபோர்னியா லவ்’ வந்து விழுகிறது. அசல் வடிவம் இங்கே கிடைக்கிறது, ‘ஆல் ஐஸ் ஆன் மீ’ ஆல்பத்தில் இருப்பது ரீமிக்ஸ்தான், அந்த விதத்தில் சந்தோஷம். ஆனால் எழவு வீட்டுப் பந்தலைப் பிரிக்காமல் அதிலேயே கல்யாணம் வைத்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, கனத்துக்கு அடுத்து ஆட்டம் என்கிற விதிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்தாவது பாட்டுக்கு என்ன சமாதானம் சொல்வது? ‘டியர் மாமா’. போதைப் பழக்கத்தில் விழுந்த அம்மாவையும் மறைக்காமல், அவள் ஒண்டியாக வளர்த்ததையும் மறக்காமல் ஒரு மகன் பாடிய பாட்டு. செக்கானூரணி தாண்டியிருந்தோம். "இவனும் மாமாவத்தான் கூப்புடுறானா?" என்றார் பெரியம்மா. "இவரு நல்லபடியா" என்றேன். "அப்பச் சத்தமா வையி." வைத்தேன். முடிந்தது. பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த பாட்டு, ‘ஆல் அபவுட் யூ’. பாடகர்கள் பின்னால் வருகிற பெண்களை இளக்காரமாகச் சிரித்துப் பாடுவது. பெற்ற தாய்க்கு நன்றி சொல்லி முடித்த மறு நொடி, அதே குரலில், அதே வாயால். தம்பி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு சிரித்தான். அவனுக்கு எண் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் இது தெரிந்துவிட்டது.

ஹிட் எம் அப்பை அந்த இடத்தில் வைத்தது துணிச்சல். இதை இந்த இடத்தில் வைத்தது கவனக்குறைவு. இரண்டுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியும். ஒருவன் முரண்பாடானவன் என்று காட்டுவதற்கும் பெட்டியில் கையை விட்டு வந்ததை எடுத்துப் போடுவதற்கும் உள்ள தூரம் அது. இரண்டாவது தட்டு கடைசியில் ‘ஹார்ட்ஸ் ஆஃப் மென்’ என்று ஒரு சுமாரான பாட்டில் முடிகிறது. ஏன் அதில் முடிய வேண்டும் என்பதற்கு என்னால் ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை. நோக்கியா போன் இதைவிட நன்றாக முடித்தது.

விற்பனையைக் காட்டி ஜெயிக்கவும் வழியில்லை. இரண்டுமே அமெரிக்காவில் ஒரு கோடிக் கணக்கைத் தொட்டு வைரச் சான்றிதழ் வாங்கியவை. டூபாக் 2011-இல், எமினெம் 2022-இல். நீளமான இரட்டைத் தட்டை அங்கே இரண்டாக எண்ணுவார்கள் என்று தம்பி சொல்வான். இணையத்தில் கேட்பதையும் சேர்த்து எண்ணினார்கள் என்று நான் சொல்வேன். அமெரிக்காவின் வாராந்திர ஆல்பத் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் மொத்தம் பத்து ஆண்டு இடம்பிடித்த முதல் ஹிப்ஹாப் ஆல்பம் ‘கர்ட்டன் கால்’தான், அதையும் சொல்வான். விட்டுப்போன பாட்டில் இரண்டு பக்கமும் பழி உண்டு. அங்கே ‘டில் ஐ கொலாப்ஸ்’ இல்லை, இங்கே ‘ஆம்பிஷன்ஸ் அஸ் எ ரைடா’ இல்லை. அதெல்லாம் சில்லறை.

பாட்டுக்குப் பாட்டு நிறுத்துப் பார்த்தால் டூபாக்கின் தராசுத் தட்டுதான் கனத்துத் தாழும், அதில் நான் மாறவில்லை. பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பியதற்கு எமினெமிடம் பதில் இல்லை. ஆனால் வழக்கு பாட்டைப் பற்றியது இல்லையே, தொகுப்பைப் பற்றியது. தொகுப்பு என்றால் வரிசை. வரிசை என்றால், ஃபேக் என்கிற அசிங்கத்தைக் கழித்த பிறகும், ‘கர்ட்டன் கால்’தான். உருத்திரசன்மனையும் அண்ணாச்சியையும் சாட்சிக்கு அழைத்து வந்தவன் நான்தான். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டார்கள். இதைத் தம்பியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவன் இதையெல்லாம் படிக்கிறவனும் இல்லை.

காளவாசல் சிக்னலில் நிற்கும்போது பன்னிரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆரப்பாளையம் தாண்டியதும் கடைசிப் பாட்டு தொடங்கியது. செல்லூரில் பெரியம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது அது பாதிகூடப் போகவில்லை. தம்பி சாவியைத் திருப்பினான், பாட்டும் நின்றது. வாழைத்தாரில் மிச்சமிருந்த இரண்டு சீப்பை இறக்கிக்கொண்டே "என்னண்ணே, தீர்ப்பச் சொல்லு" என்றான்.

"கடைசிப் பாட்டு முடியலயேடா" என்றேன். "அடுத்த மாசிக்குப் பாத்துக்குவோம்."